வாட்டர் கூலிங்: குழாய் வளைக்கும் முன் வாட் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் கேமிங் கணினிகளுக்கான கஸ்டம் வாட்டர் கூலிங் (பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, பம்பும் குழாயும் வைத்துத் தண்ணீரால் சிப்பைக் குளிர்விக்கும் முறை) பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் விசிறியை விட்டுத் தண்ணீருக்கு மாறினால் கணினியின் வேகம் கூடிவிடும் என்று எழுதியதும், பாகங்களின் பெயர்களை அடுக்கிவிட்டு முடித்துக்கொண்டதும் வாசகரைத் தவறான முனையிலிருந்து தொடங்க வைக்கும். இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் கடையில்தான். எத்தனை வாட் வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டப் போகிறோம் என்ற கணக்கைப் போடாமல் கலர் குழாயைத் தேர்ந்தெடுக்கும்போதே அது கைவிட்டுப் போய்விடுகிறது. கட்டுரை விட்ட இடங்களை இக்கடிதத்தில் நிரப்பப் பார்க்கிறோம். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த வேக விஷயம். தண்ணீர் வெப்பத்தை விழுங்கிவிடுவதில்லை. சிப்பின் மேலிருந்து வாங்கி, விசிறி மாட்டிய தகட்டுப் பெட்டியான ரேடியேட்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து அறைக் காற்றில் தள்ளுவது அதே பழைய விசிறி. சாதாரணக் கணினியில் மூன்று நான்கு விசிறி இருந்தால் இதில் ஆறு, ஒன்பது என்று ஏறும். அறை 30 டிகிரியில் இருந்தால் ஓடும் தண்ணீர் 30க்குக் கீழே இறங்காது. குழாயின் மேல் ஈரம் கோக்குமோ என்ற பயம் தேவையில்லாததும் அதனால்தான். அது சில்லர் என்ற குளிரூட்டும் கருவியை வைத்துத் தண்ணீரை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்குபவர்களின் தலைவலி.

பிராசசருக்குக் கிடைக்கும் லாபம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. இன்டெல் கோர் ஐ9-14900கே அதிகபட்ச டர்போவில் 253 வாட் இழுக்கும். அத்தனை வெப்பமும் கட்டைவிரல் நகமளவு சிலிக்கானிலிருந்து கிளம்பி, அதன் மேல் ஒட்டியிருக்கும் உலோக மூடியைக் கடந்து, இடுக்கை நிரப்பும் தெர்மல் பேஸ்ட்டைக் கடந்துதான், உள்ளே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டையான வாட்டர் பிளாக்கை எட்டும். நெரிசல் அந்தக் குறுகிய வாசலில்தான் இருக்கிறது. வாசலுக்கு அப்பால் தெருவை எவ்வளவு அகலப்படுத்தினாலும் உள்ளே நிற்கும் கூட்டம் ஓரளவுக்கு மேல் கலையாது. ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ் போன்றவற்றில் நிலைமை இன்னும் வேடிக்கை. முழுச் சுமையில் 95 டிகிரி வரை ஏறி நிற்கும்படியே அதை வடிவமைத்திருக்கிறார்கள். நல்ல கூலர் போட்டால் அது கூடுதலாகச் சில வாட்டைக் குடித்துவிட்டு அதே 95ஐத் தொடப் பார்க்கும். பிராசசருக்கு மட்டும் என்றால், இரண்டு கோபுரமும் இரண்டு 140 மி.மீ. விசிறியும் கொண்ட ஒரு நல்ல ஏர் கூலரோ, தொழிற்சாலையிலேயே மூடி வரும் ஆல்-இன்-ஒன் கூலரோ போதும். கஸ்டம் லூப், அதாவது தண்ணீர் சுற்றிவரும் குழாய்ச் சுற்று, போடுவது விரயம்.

கிராபிக்ஸ் கார்டின் கதை வேறு. ஆர்டிஎக்ஸ் 4090 வாங்கும் மின்சாரம் 450 வாட், 5090 வாங்குவது 575 வாட். அந்தச் சிப்கள் பெரியவை. 4090இல் 600 சதுர மி.மீ.க்குச் சற்று மேல், 5090இல் 750 சதுர மி.மீ. வெப்பம் பரந்த பரப்பில் வருகிறது, மேலே உலோக மூடியும் கிடையாது, பிளாக் நேராகச் சிலிக்கானின் மேல் உட்கார்ந்துவிடும். நல்ல பிளாக்கில் சிப்புக்கும் தண்ணீருக்கும் இடையே 10 முதல் 15 டிகிரிதான் வித்தியாசம் நிற்கும். காற்றில் 65, 70 டிகிரியில் இரைந்துகொண்டிருந்த கார்டு தண்ணீரில் 50, 55க்கு இறங்கும். அப்போதும் கடிகார வேகத்தில் கூடுவது சில பத்து மெகாஹெர்ட்ஸ்தான். விளையாட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும். சத்தம் அடங்குவதற்காகத்தான் இத்தனை செலவும் என்று ஒப்புக்கொண்டு தொடங்குபவர் ஏமாற மாட்டார்.

இனி கணக்கு. கார்டின் வாட்டையும் பிராசசரின் வாட்டையும் கூட்டுங்கள். விளையாட்டின்போது பிராசசர் தன் உச்சத்தைத் தொடுவது அரிது, 100 முதல் 150 வாட் என்று வைத்தால் போதும். வீடியோ ரெண்டரிங் போன்ற வேலையும் உண்டு என்றால் முழு 250ஐயும் எழுதுங்கள். 5090 கார்டும் விளையாட்டும் மட்டும் என்றால் ஏறக்குறைய 700 வாட். இதை வெளியேற்ற எவ்வளவு ரேடியேட்டர் வேண்டும்? நிமிடத்துக்கு 1,000 முதல் 1,200 சுற்று என்று மெல்லச் சுழலும் விசிறியும், அறையைவிடத் தண்ணீர் 10 டிகிரி மட்டும் சூடாக இருக்கும் நிலையும் வைத்துப் பார்த்தால், 120 மி.மீ. விசிறி ஒன்று நிற்கும் அளவு ரேடியேட்டர் சுமார் 75 முதல் 100 வாட்டைக் கழிக்கும். மூன்று விசிறி நிற்கும் 360 மி.மீ. ரேடியேட்டர் இரண்டு போட்டால் ஆறு பங்கு. 700ஐ ஆறால் வகுத்தால் பங்குக்கு 117 வாட் சொச்சம். ரேடியேட்டர் தள்ளும் வெப்பம் தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நேர்விகிதத்தில் கூடும் என்பதால், தண்ணீர் அறையைவிட 12 முதல் 16 டிகிரி வரை அதிகமாகச் சூடேறி அங்கே நிலைகொள்ளும். 30 டிகிரி அறையில் தண்ணீர் 42 முதல் 46. இது ஏற்றுக்கொள்ளத்தக்க எல்லை. ஒரே ஒரு 360ஐப் போட்டு இதே 700 வாட்டை அதன் தலையில் கட்டினால் விசிறிகள் முழு வேகத்தில் கத்த வேண்டும், மெல்லச் சுழல விட்டால் தண்ணீர் 55ஐத் தாண்டக் கூடும். ஏர் கூலரே மேலாக இருந்திருக்கும்.

பெரிய கணினி பெரிய அடுப்பு என்பதையும் மறக்க வேண்டாம். 700 வாட் அறைக்குள்தான் கொட்டப்படுகிறது. காற்றோட்டமில்லாத சிறு அறையில் இரண்டு மணி நேரம் விளையாடினால் அறையே சூடேறும், அதே அளவுக்குத் தண்ணீரும் ஏறும். கணக்கில் எழுத வேண்டிய அறை வெப்பம் காலையில் அளந்ததல்ல, விளையாடி முடிக்கும்போது இருப்பது.

ரேடியேட்டரின் தடிமனில் பலர் மயங்குகிறார்கள். 60 மி.மீ. ஒன்று 30 மி.மீ.யைவிட இரு மடங்கு வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம். மெல்லச் சுழலும் விசிறியின் காற்று முதல் பாதியைக் கடக்கும்போதே சூடாகிவிடும், பின்பாதியில் அது எடுத்துக்கொள்ள அதிகம் மிச்சமிருக்காது. இடம் இருந்தால் ஒரு தடித்த ரேடியேட்டரைவிட இரண்டு மெல்லியவை மேல். அங்குலத்துக்கு 10 முதல் 16 தகடு என்ற அடர்த்தி மெல்லச் சுழலும் விசிறிக்கு ஒத்துவரும். 20ஐத் தாண்டினால் வேகமான விசிறி வேண்டும், அப்புறம் அமைதி எங்கே? மேல்கூரையில் ஒன்று, முன்பக்கம் ஒன்று என்று வைத்து, முன்னது உள்ளே இழுக்க மேலது வெளியே தள்ளுமாறு விடுவது வழக்கம். அப்படிச் செய்தால் மேல் ரேடியேட்டருக்குக் கிடைப்பது முன்னது சூடாக்கி அனுப்பிய காற்று. இரண்டையும் உள்ளே இழுக்க விட்டுப் பின்புறம் வெளியேற வழி வைத்தால் தண்ணீர் ஓரிரு டிகிரி இறங்கும். தூசி வலையை அடிக்கடி தட்ட வேண்டியிருக்கும் என்பதே அதற்கான விலை.

பாகங்களை எந்த வரிசையில் இணைப்பது என்று கட்டுரையில் ஒரு பத்தி முழுக்க விவாதம். அதற்கு ஒரு வரி போதும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,186 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால் 70 வாட்டுக்கு ஒரு டிகிரி ஏறும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் லூப்பில் மொத்த 700 வாட்டும் சேர்ந்து ஏற்றுவது இரண்டரை டிகிரி. அதாவது லூப்பின் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் உள்ள தூரமே அவ்வளவுதான். பிராசசருக்கும் கார்டுக்கும் நடுவே ஒரு ரேடியேட்டரைத் திணிக்கிறேன் என்று குழாயைக் கணினி முழுக்கச் சுற்றி அலைய விடுவதில் அர்த்தமில்லை. குழாய் எந்த வழியில் குறைவாக வளையுமோ அதுவே சரியான வரிசை. மீறக் கூடாத விதி ஒன்றுதான்: ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி) பம்புக்கு நேர் முன்னால், அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

ஏனென்றால் பம்புக்கு உயவு எண்ணெயாக இருப்பதும் அதே தண்ணீர்தான். சந்தையில் பெரும்பாலும் கிடைப்பவை டி5, டிடிசி என்ற இரண்டு வகை. டி5 உருவத்தில் பெரியது, சத்தம் குறைவு, ஓடும் நீரே அதைக் குளிர்விக்கும். டிடிசி சிறியது, அழுத்தம் அதிகம், அடிப்பாகம் சுடும். இரண்டு பிளாக், இரண்டு ரேடியேட்டர் உள்ள லூப்புக்கு ஒரு டி5 தாராளம். நிமிடத்துக்கு 3 முதல் 4 லிட்டர் ஓட்டம் கிடைத்தால் போதும், அதற்கு மேல் ஏற்றி வாங்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் சிப்பின் வெப்பம் இறங்குவது சொற்பம், அதிர்வு மட்டும் கூடும். வறண்ட பம்பைச் சில நொடிகள் சுழற்றினாலே அச்சுத் தாங்கி தேயத் தொடங்கும்.

பம்பின் மின் இணைப்பில் ஒரு பொறி இருக்கிறது. மதர்போர்டின் சாதாரண விசிறி முனை தாங்குவது பெரும்பாலும் ஒரு ஆம்பியர், 12 வோல்ட்டில் 12 வாட். டி5 முழு வேகத்தில் 20 வாட்டைத் தாண்டும். அதை அங்கே செருகி முனையைக் கருக்கியவர்கள் உண்டு. பம்புக்கான மின்சாரம் பவர் சப்ளையின் சாட்டா அல்லது மோலெக்ஸ் வயரிலிருந்து வர வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் வயரும் சுற்றைச் சொல்லும் வயரும் மட்டும் மதர்போர்டின் பிராசசர் விசிறி முனைக்குப் போகட்டும். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் அந்த முனைக்கு எச்சரிக்கையை இயக்கி வையுங்கள். பம்ப் நின்றால் கணினி கிளம்பும்போதே கூவிச் சொல்லிவிடும். விசிறி நின்றால் தண்ணீர் சூடேறச் சில நிமிடம் எடுக்கும். பம்ப் நின்றாலோ பிளாக்குக்குள் தேங்கிய சில மில்லி லிட்டர் நொடிகளில் கடுமையாகச் சூடேறும்.

இந்த விஷயத்தில் எங்களுக்கு மிகுந்த கவலை தருவது உலோகக் கலப்பு. மலிவான தொகுப்புகளில் அலுமினிய ரேடியேட்டரும் செம்பு அல்லது நிக்கல் பூசிய பிளாக்கும் ஒன்றாக வருகின்றன. ஒரே திரவத்தில் இரண்டையும் நனைத்தால் அது பேட்டரி. செம்பின் நியம மின்னழுத்தம் +0.34 வோல்ட், அலுமினியத்தின் மின்னழுத்தம் −1.66 வோல்ட். இரண்டுக்கும் நடுவே 2 வோல்ட். கரைந்து போவது அலுமினியம். அரிப்புத் தடுப்பான் சேர்த்த கூலன்ட் (லூப்பில் ஓடும் திரவம்) இதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. சில மாதங்களில் சாம்பல் நிறச் சேறு பிளாக்கின் நுண்ணிய செதில்களில் அடையும், ஓட்டம் குறையும், கடைசியில் ரேடியேட்டரில் ஊசித்துளை விழும். செம்பு, பித்தளை, நிக்கல் ஆகியவை ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் வாங்குங்கள். குழாயைப் பாகங்களோடு இணைக்கும் பிட்டிங்குகளையும் பாருங்கள், விலை குறைந்த சில பிட்டிங்குகளின் பளபளப்புக்கு அடியில் அலுமினியம் ஒளிந்திருக்கும். காந்தத்தால் அதைக் கண்டுபிடிக்க முடியாது, பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது. கையில் வைத்து எடையைப் பாருங்கள், பித்தளை கனக்கும்.

கூலன்ட்டாக எதை ஊற்றுவது? குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்பு படியும், குளோரைடு உலோகத்தை அரிக்கும். வெறும் காய்ச்சி வடித்த நீரும் போதாது, பாசியும் பாக்டீரியாவும் அதில் குடியேறும், செம்பும் மெல்லக் கறுக்கும். காய்ச்சி வடித்த நீருடன் அரிப்புத் தடுப்பானும் உயிர்க்கொல்லியும் கலந்த தயார் கூலன்ட், அல்லது அவற்றின் செறிவை வாங்கி லேபிளில் சொன்ன விகிதத்தில் கலந்தது, இவை இரண்டில் ஒன்று. கிளைக்கால் சேர்ந்த செறிவை மிச்சம் பிடிப்பதற்காகக் கூடுதல் நீர் விட்டு நீர்க்க வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போதிய அடர்த்தியில் கிளைக்கால் கிருமியைத் தடுக்கும், மிகவும் நீர்த்துப்போனால் அதுவே கிருமிக்குத் தீனியாகும். கார் ரேடியேட்டர் திரவத்தை ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், இனிக்கும் விஷம். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் அதற்கு வேலையில்லை.

பால் போல் மின்னும் ஒளிபுகாக் கூலன்ட்களின் படத்தைத்தான் கட்டுரை பெரிதாகப் போட்டிருந்தது. அந்த நிறம் கரைசலல்ல, திரவத்தில் மிதக்கும் நுண்துகள். ஓட்டம் நிற்கும் இடத்தில் துகள் படியும், செதில்களில் சிக்கும். காட்சிக்கு வைக்கும் கணினிக்குச் சரி, தினமும் ஓடுவதற்கு நிறமற்றதே உத்தமம். நிறம் வேண்டுமானால் குழாயில் காட்டுங்கள். மின்சாரம் கடத்தாத கூலன்ட் என்ற விளம்பரத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். புட்டியில் இருக்கும்போது அது உண்மை. உலோகங்களைத் தொட்டு ஓடத் தொடங்கியதும் அயனிகள் சேர்ந்து கடத்தத் தொடங்கும்.

குழாயில் முதல் முறை செய்பவருக்கு மென்குழாய்தான் எங்கள் பரிந்துரை. உள்விட்டம் 10 மி.மீ., வெளிவிட்டம் 16 மி.மீ. உள்ளது எளிதில் மடிந்து நெரியாது. 10க்கு 13 மி.மீ. வளைவில் மடங்கும். ஒளிபுகும் பிவிசி குழாயிலிருந்து அதை இளக்கமாக வைத்திருக்கும் வேதிப்பொருள் கசிந்து சில மாதங்களில் குழாய் மங்கும், அந்தப் பிசினும் பிளாக்கில் போய்ச் சேரும். கறுப்பு இபிடிஎம் ரப்பரில் அந்தத் தொல்லை இல்லை, அழகும் இல்லை. வன்குழாயில் அக்ரிலிக் வெப்பம் தாங்கும், ஆனால் வளைக்கும்போதும் அறுக்கும்போதும் விரிசல் விடும். பெட்ஜி என்ற பிளாஸ்டிக் எளிதில் வளையும், ஆனால் 80 டிகிரி அருகில் இளகும் பொருள் அது. பிட்டிங்கின் பிடியில் அதற்கு வெகு முன்பே தளரத் தொடங்கும். பம்ப் நின்ற வேளையில் பெட்ஜி குழாய் பிட்டிங்கிலிருந்து நழுவிய கதைகளுக்குக் காரணம் இதுதான். எந்த வன்குழாயானாலும் அறுத்த முனையின் பிசிறைச் சீவி வெளி விளிம்பைச் சரிவாக்காமல் செருகக் கூடாது. கூரான விளிம்பு பிட்டிங்கிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை வெட்டும். வெட்டுப்பட்ட ஓ-ரிங் முதல் நாள் கசியாது, மூன்றாவது வாரம் கசியும்.

பிட்டிங்குகளை எண்ணாமல் வாங்கி நடுவேலையில் நிற்பது சகஜம். இரண்டு பிளாக், இரண்டு ரேடியேட்டர், ரிசர்வாயரோடு சேர்ந்த பம்ப் என ஐந்து பாகம். ஒவ்வொன்றுக்கும் நுழைவாய் ஒன்று, வெளிவாய் ஒன்று, ஆக 10 கம்ப்ரஷன் பிட்டிங். 90 டிகிரி திருப்பிகள் 4 முதல் 6. தாழ்வான இடத்தில் வடிப்பதற்கு ஒரு டி-பிட்டிங், ஒரு பந்து வால்வு, வால்வின் வாயை அடைக்க ஒரு மூடி. இவற்றை இணைக்க இருபுறமும் மரையுள்ள ஓரிரண்டு இணைப்பிகள். மரை அளவு எங்கும் ஜி 1/4 அங்குலம்தான், அதில் குழப்பமில்லை. குழாயின் வெளிவிட்டமும் பிட்டிங்கின் அளவும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் இரண்டு முறை பாருங்கள். கையால் இறுகும் வரை திருகினால் போதும். கசிவைத் தடுப்பது ஓ-ரிங், உங்கள் தோள் பலமல்ல. ஸ்பானர் போட்டு அக்ரிலிக் பிளாக்கின் மரையைப் பிளந்தவர்கள் ஏராளம். கூலன்ட் அளவைப் பொறுத்தவரை 10 மி.மீ. உள்விட்டக் குழாய் மீட்டருக்கு 80 மில்லி லிட்டர் கூடக் கொள்ளாது, ரேடியேட்டர்களும் ரிசர்வாயரும் சேர்த்தாலும் ஒரு லிட்டரை ஒட்டித்தான் வரும். கழுவவும் மீண்டும் நிரப்பவும் சேர்த்து இரண்டு லிட்டர் வாங்குங்கள்.

கேபினெட்டை அளக்கும்போது ரேடியேட்டரை மட்டும் அளந்து ஏமாறுகிறார்கள். 30 மி.மீ. ரேடியேட்டரும் 25 மி.மீ. விசிறியும் சேர்ந்து 55. கூரைக்கும் மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் நடுவே அது கிடைக்குமா, உயரமான ரேம் தடுக்குமா, முன் ரேடியேட்டர் வந்த பிறகு கார்டின் நீளத்துக்கு இடம் மிஞ்சுமா, கார்டின் பிளாக்கிலிருந்து கிளம்பும் குழாய் கண்ணாடிக் கதவில் முட்டுமா என்று அட்டையை வெட்டி வைத்துப் பாருங்கள். கார்டின் 16 முள் மின் இணைப்பு வயரை அதன் தலையிலேயே மடக்கக் கூடாது என்பதால் அதற்கும் 35 மி.மீ. நேராக விட வேண்டும்.

கார்டுக்கான பிளாக் வாங்குவதுதான் ஆகப் பெரிய கண்ணி. ஒரே சிப் உள்ள கார்டை ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு சர்க்யூட் பலகையில் போடுகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்கள் கூட வேறுபடும். 5090க்கான பிளாக் என்று கேட்டு வாங்கக் கூடாது. கார்டின் முழு மாடல் எண்ணைப் பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் தேடி வாங்க வேண்டும். கார்டு வாங்கும் முன்பே பிளாக் கிடைக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது. பிளாக்கைப் பொருத்தும்போது மெமரிக்கும் மின் பகுதிக்கும் வைக்கும் தெர்மல் பேட் என்ற மெல்லிய திண்டின் தடிமன், கையேட்டில் 1 மி.மீ. என்றால் 1 மி.மீ.தான். வீட்டில் இருக்கிறதே என்று 1.5 மி.மீ.யை வைத்தால் பிளாக் அரை மி.மீ. தூக்கி நிற்கும், சிப்பைச் சரியாகத் தொடாது. மெமரி குளிர்ந்திருக்கும், சிப் 100ஐத் தொடும். ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) அளவைக் காட்டும் கார்டுகளில் அதற்கும் சராசரிச் சிப் வெப்பத்துக்கும் 10, 15 டிகிரி இடைவெளி இயல்பு. 25ஐத் தாண்டினால் கழற்றிப் பேட்களைப் பாருங்கள். திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, கால் சுற்றாக இறுக்குங்கள். பழைய கூலரையும் அதன் திருகுகளையும் பையில் போட்டுப் பெயரெழுதி வையுங்கள், வாரண்டிக்கு அனுப்பும் நாளில் தேடுவீர்கள்.

புது ரேடியேட்டருக்குள் பற்றவைப்புக் கசடு இருக்கும். சூடான காய்ச்சி வடித்த நீரைப் பாதி ஊற்றி, வாய்களை மூடி, கை சலிக்கக் குலுக்கி, வெள்ளைத் தாளின் மேல் கொட்டுங்கள். தாளில் துகள் தென்படாதவரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இதைத் தவிர்த்த லூப்பில் தெளிந்த கூலன்ட் ஒரே மாதத்தில் நிறம் மாறுவதைப் பார்க்கலாம்.

எல்லாம் பூட்டிய பின் திரவம் ஊற்றும் முன் காற்றால் சோதியுங்கள். அழுத்தமானியோடு வரும் கைப்பம்பு கிடைக்கிறது. 0.5 பார் வரை, ரிசர்வாயர் தயாரிப்பாளர் அதற்கும் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுவரை, ஏற்றிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். முள் அசையாவிட்டால் நல்லது. இறங்கினால் பிட்டிங்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மீண்டும் சோதியுங்கள். இந்த ஒரு கருவி இருந்தால் மதர்போர்டின் மேல் தண்ணீர் சிந்தும் வாய்ப்பில் பெரும்பகுதி போய்விடும்.

நிரப்பும்போது மதர்போர்டுக்கோ கார்டுக்கோ மின்சாரம் போகக் கூடாது. மதர்போர்டின் 24 முள் வயர், பிராசசரின் 8 முள் வயர், கார்டின் வயர் எல்லாவற்றையும் உருவிவிட்டு, பம்புக்குப் போகும் வயரை மட்டும் விடுங்கள். 24 முள் இணைப்பியின் 16ஆம், 17ஆம் முட்களை இணைத்தால் பவர் சப்ளை தனியாக இயங்கும். அதற்கென்று சிறு செருகி விற்கிறார்கள், கம்பியை வளைத்து மாட்டுவதைவிட அது பாதுகாப்பு. ரிசர்வாயரை முக்கால்வாசி நிரப்புங்கள், பம்பை ஐந்து நொடி ஓட்டுங்கள், நீர்மட்டம் இறங்கும், நிறுத்தி மீண்டும் ஊற்றுங்கள். ரிசர்வாயர் காலியாகும் முன் நிறுத்துவதில்தான் கவனம் வேண்டும். மட்டம் நிலைத்த பின் கேபினெட்டை நாலா பக்கமும் மெல்லச் சாய்த்தால் ரேடியேட்டரில் மாட்டிய காற்று குமிழிட்டு வெளியேறும். ஒவ்வொரு பிட்டிங்குக்கும் கீழே வெள்ளை டிஷ்யூ தாள் வைத்து ஓர் இரவு பம்பை மட்டும் ஓட விடுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் மற்ற வயர்களை இணைக்கலாம். முதல் சில நாள் நீர்மட்டம் இன்னும் கொஞ்சம் இறங்கும். அது கசிவல்ல, கரைந்திருந்த காற்று வெளியேறுவது.

விசிறி வேகத்தைப் பிராசசரின் வெப்பத்தோடு கட்டுவது மிகப் பரவலான தவறு. பிராசசர் வெப்பம் ஒரு நொடியில் 20 டிகிரி தாவும், விசிறியும் கூடவே ஓலமிட்டு அடங்கும். தண்ணீரோ மெல்லத்தான் ஏறும். ஜி 1/4 மரையில் திருகும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் வெப்ப உணரியைப் போட்டு, மதர்போர்டிலுள்ள இரண்டு முள் உணரி முனையில் செருகி, விசிறிகளைத் தண்ணீர் வெப்பத்தோடு இணையுங்கள். அறை வெப்பத்தைவிட ஓரிரு டிகிரி மேலே இருக்கும்போது நிமிடத்துக்கு 600 சுற்று, 40இல் 1,000, 45ஐத் தாண்டினால் முழு வேகம் என்று வைத்தால் போதும். மதர்போர்டில் அந்த முனை இல்லையென்றால் தனி விசிறிக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்க வேண்டும். வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட சோதனையை நம்பித் திருப்தி அடையவும் கூடாது. அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிய பிறகு தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் கணக்கின் விடை.

ஆண்டுக்கு ஒரு முறை வடித்து, பிளாக்கைத் திறந்து பார்த்து, புதுக் கூலன்ட் ஊற்ற வேண்டும். வடிகால் வால்வு இல்லாத லூப்பில் இந்த வேலை அரை நாள் சித்திரவதை. அக்ரிலிக் பாகங்களை ஆல்கஹாலால் துடைக்க வேண்டாம். மயிரிழை விரிசல்கள் உடனே தெரியாமல் பிறகு பரவும். அவற்றுக்குக் காய்ச்சி வடித்த நீரும் துளி சோப்பும் போதும்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் கசிவைக் கண்டால் என்ன செய்வது என்று கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. விண்டோஸை முறைப்படி மூடிக்கொண்டிருக்க வேண்டாம், சுவரிலுள்ள சுவிட்சை அணையுங்கள். பவர் சப்ளை வயரை உருவிய பிறகே உள்ளே கை வையுங்கள். கேபினெட்டை நிமிர்த்தியபடியே வடிகாலைத் திறந்து லூப்பைக் காலி செய்யுங்கள். நனைந்த பாகங்களைக் கழற்றி, முதலில் காய்ச்சி வடித்த நீரால் கூலன்ட்டின் உப்பையும் நிறத்தையும் கழுவி, பின் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, குறைந்தது ஒரு முழு நாள் காற்றில் காய விடுங்கள். கார்டின் செருகுமுனைக்குள்ளும் மதர்போர்டின் நீண்ட செருகுவாய்க்குள்ளும் தேங்கும் துளியே கடைசியாகக் காயும். டார்ச் அடித்து அங்கே பார்த்துவிட்டு மின்சாரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கணினி அமைப்புத் தொழிலில் இருக்கும் வாசகர்கள் இருவர்